தகப்பன் கையொப்பம்

ஒன்பதாம் அத்தியாயம்

படிவத்தின் ஏழாவது வரியைத் தவிர மற்றெல்லாவற்றையும் மக்டலீன் எழுதி முடித்திருந்தாள்.

பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம். எந்தத் துறை என்ற இடத்தில் 'வைத்தியம்'. இதற்கு முன் தோற்றிய பரீட்சைகள் என்ற இடத்தில் இரண்டு வரிகள். 1945 கார்த்திகை, விலங்கியலில் சித்தியில்லை. 1946 கார்த்திகை, எல்லாப் பாடங்களிலும் சித்தி. இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இருந்தது. அந்த விரல் அகலத்துக்குள் நடந்ததை எழுதச் சொல்லிப் படிவம் கேட்கவில்லை.

ஏழாவது வரி கேட்டது வேறு. தகப்பனின் கையொப்பம். தகப்பன் காலமானவராயின் அதை இங்கே குறிப்பிட்டு, பாதுகாவலர் கையொப்பமிடுக.

அவள் தகப்பன் சந்தியாப்பிள்ளை கடலுக்குப் போய்ப் பதினாறு மாதமாகிறது. வள்ளமும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. யாழ்ப்பாணக் கொழும்புத்துறைக் கரையில் எல்லோரும் அவர் போய்ச்சேர்ந்துவிட்டார் என்றே கதைத்தார்கள், மனைவி லூர்த்தம்மாவின் காதில் விழாதபடி. அவள் தாலிக்கொடியைக் கழற்றவில்லை. ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்போமா என்று கேட்ட சுவாமியாரிடம், "உயிரோடை இருக்கிற மனுசனுக்கு என்ன பூசை, சுவாமி?" என்று கேட்டுவிட்டு வந்தவள். இன்றைக்கும் பின்னேரங்களில் கடற்கரைப் பக்கத்து வேலிப் படலையைக் கொக்கி கொளுவாமல்தான் விடுகிறாள்.

மூத்தவன் அடைக்கலநாதன் அந்த மாரியோடு கடல் தொழிலை விட்டான். இப்போது யாழ்ப்பாணப் பட்டினத்தில், மரம் அரிந்து விற்கும் ஒரு மரக்காலையில் கூலிவேலை. அவனுடைய சின்னத் தோணி பூவரசுக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது. கடலுக்குப் பயந்துவிட்டான் என்று அயலில் சொன்னார்கள். அவன் மறுத்துச் சொல்லவில்லை. மீனும் தின்பதில்லை.

போன கிழமை பெறுபேறு வந்தபோது வீட்டில் ஒருவரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. முதல் முறை படிவம் பரீட்சைக்கு முன்பே போய்விட்டது. மறுமுறை எழுதியவர்கள் பெறுபேற்றோடு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது சர்வகலாசாலையின் விதி. இன்று வெள்ளிக்கிழமை. பின்னேர மெயில் ரெயிலுக்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

"எழுதி முடிஞ்சுதோ?" குசினிக்குள் இருந்து லூர்த்தம்மா கேட்டாள்.

"ஓம் அம்மா. ஒரு இடந்தான் மிச்சம்."

ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அவள் வந்தாள். ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் அவள் விரல் நேரே அந்த இடத்துக்குத்தான் போனது.

"இதிலைதானே அவர் முந்தி வைச்சவர்?"

"ஓம்."

தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதற்குச் சந்தியாப்பிள்ளை மகளிடம் ஒரு கிழமை பழகினார். பழைய கொப்பி ஒன்று முழுக்க நிரம்பியது. கடைசியில் படிவத்தில் எழுதியபோது பெயர் கோட்டைத் தாண்டி ஓரம் வரை போய்விட்டது. அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"இந்த முறை ஆர் வைக்கிறது?"

"அண்ணை வைக்கலாமாம். ஆனா அண்ணை வைக்கிறதெண்டா..."

"வைக்கிறதெண்டா?"

"அப்பு இல்லை எண்டு எழுத வேணும்."

"இல்லை எண்டா? வீட்டிலை இல்லை எண்டோ?"

மக்டலீன் பேனையை மூடினாள். "செத்துப்போனார் எண்டு, அம்மா."

லூர்த்தம்மா கத்தவில்லை. கதிரையை இழுத்து மகளுக்கு எதிரே இருந்தாள்.

"நீ அவரைக் கண்டனியோ?"

"இல்லை."

"கொண்ணை அடைக்கலம் கண்டவனோ?"

"இல்லை."

"அப்ப ஆர் கண்டது? கொழும்பிலை கதிரையிலை இருக்கிற துரைமாரோ?" அவள் குரல் தாழ்ந்தது. "முந்தநாள் விடியப்புறம் வேலியோரம் இருமிக் கேட்டது. அவரைப் போலை சுருட்டுப் பத்திற ஆக்களின்ரை இருமல். நான் எழும்பிப் போக முதல் நிண்டுபோச்சு. என்ரை மனுசனை என்ரை பிள்ளையே கடுதாசியிலை கொல்லுறதோ?"

அந்த இருமலை மக்டலீனும் கேட்டிருந்தாள். பாயில் கண்ணை மூடியபடி, அது நின்றுபோகும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். அதை அவள் தாயிடம் சொல்லவில்லை.

படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

*

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான அறையின் யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. சிஸ்ரர் றோஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, படிவத்தைக் கடைசி வரி வரை வாசித்தார். பிறகு ஏழாவது வரிக்குத் திரும்பி வந்தார்.

"உது ஏன் வெறுமையாக் கிடக்குது?"

"அம்மா விடுறா இல்லை, சிஸ்ரர்."

கரும்பலகைக்குக் கீழே ஒரு குருவி தத்திக்கொண்டு திரிந்தது. சிஸ்ரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்டலீன், வெறுமையா விட்டா அங்கை ஒருதரும் தொடமாட்டினம். ஒரு சொல்லு. கொண்ணையின்ரை கையெழுத்து. நாலு மணிக்கு முதல் தபால் கந்தோர். பேந்து நான் சொல்லிப் பிரயோசனமில்லை."

"ஓம் சிஸ்ரர்."

"இன்னொண்டு. நேர்முகத்துக்குக் கூப்பிட்டா ஒரு கேள்வி கட்டாயம் வரும். முதல் முறை விலங்கியல் செய்முறையிலை ஏன் விட்டனி எண்டு. மற்ற எல்லாத்திலையும் நல்ல புள்ளி, இதிலை மட்டும் ஒண்டும் வெட்டாமல் எழும்பி வந்திருக்கிறாய். என்ன சொல்லப்போறாய்?"

"காய்ச்சல் எண்டு சொல்லவோ?"

"காய்ச்சலோ உனக்கு?"

"இல்லை."

"அப்ப பொய்யோடையோ வைத்தியம் படிக்கப் போறாய்?"

மக்டலீன் தலையைக் குனிந்தாள். உண்மையான பதில் அவளிடம் இருந்தது. பதினாறு மாதமாக அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை, சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

பள்ளிக்கூடத்தில் அந்த முறை ஒரேயொரு சுறாதான் இருந்தது. மருந்துத் தண்ணீரில் ஊறி வெளிறிப்போன சுறா. எட்டுப் பெண்கள் அதைச் சுற்றி நின்று பழகினார்கள். மக்டலீனுக்கு வால் பக்கம்தான் கிடைத்தது. தலையில் நரம்புகளைப் பிரித்துக் காட்டச் சொல்லித்தான் கொழும்பில் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரெயில் ஏற வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் அவள் தகப்பனிடம் போனாள்.

"அப்பு, எனக்குச் சின்னனா ஒரு சுறாக்குட்டி பிடிச்சுத் தருவியளோ? உயிர் போனதெண்டாலும் காணும். ஒருக்கா வெட்டிப் பாத்தனெண்டா கை பழகியிடும்."

"உதென்ன பெரிய காரியமே?" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை வானம் கறுத்துக் கிடந்தது. மற்ற வள்ளங்கள் கரையில் இருந்தன. அவருடையது மட்டும் போனது.

சனிக்கிழமை அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடைக்கலம்தான் அவளை ஸ்ரேசனுக்குக் கூட்டிப்போனான். காற்றுக்கு ஒதுங்கி மண்டைதீவில் நிற்கிறார், ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றான். அவள் நம்பினாள். நம்பாமல் ரெயிலேற முடியாது என்பதால் நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை கொழும்பில், ஈயத் தட்டில், ஒரு சுறா அவளுக்கு முன்னால் வைக்கப்பட்டது. அதன் கண் திறந்திருந்தது. அவள் கத்தியை எடுத்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவரும் வந்து சொல்லவில்லை, தந்தி வரவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. மூன்று மணித்தியாலமும் கத்தியைப் பிடித்தபடியே இருந்தாள்.

இரண்டாம் முறை, போன கார்த்திகையில், அதே மண்டபம், அதே மாதிரித் தட்டு. வெட்டத் தொடங்கியபோது முதுகுக்குப் பின்னால் ஆரோ வந்து நின்றது போலிருந்தது. சுருட்டும் உப்பும் கலந்த மணம். மேற்பார்வையாளர் அறையின் மற்றக் கோடியில் இருந்தார். திரும்பிப் பார்த்தால் கத்தி விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பாமல் வெட்டினாள். நரம்பு நரம்பாகப் பிரித்து வைத்தாள். கடைசி நரம்பும் வெளியே வந்தபோது பின்னால் ஒருவரும் இல்லை.

"மக்டலீன்?" என்றார் சிஸ்ரர் றோஸ். "பன்னிரண்டு மணியாகப் போகுது, பிள்ளை."

*

மரக்காலையில் அடைக்கலம் பனஞ்சிலாகைகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். தங்கச்சி பட்டப்பகலில் அங்கே வந்ததைக் கண்டதும் தோளில் இருந்ததை அப்படியே கீழே போட்டான்.

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை. கையெழுத்துக்கு வந்தனான், அண்ணை."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் துவாயால் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பேனையை வாங்கினான். படிவத்தை மரக்குற்றியில் வைத்துக் குனிந்தான். பிறகு பேனையைத் திருப்பிக் கொடுத்தான்.

"நீ முதல்லை அந்தச் சொல்லை எழுது. பேந்து நான் வைக்கிறன்."

"நீ வை. நான் எழுதுறன்."

"நீ எழுது எண்டெல்லே சொன்னன்!"

மரம் அரிந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடைக்கலம் அவர்களைப் பார்க்காமல் வெளியே நடந்தான். மக்டலீன் பின்னால் போனாள். இருவரும் கரையூர்ப் பக்கமாகக் கடலோரத்துக்கு வந்தார்கள். மத்தியான வெயிலில் ஆழமில்லாத களக்கடல் தகரம் போலக் கிடந்தது. அடைக்கலம் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"அண்ணை, நான் ஒண்டு சொல்லோணும். சொன்னாப் பிறகு நீ எனக்குக் கையெழுத்து வைக்காமலும் விடலாம்."

அவன் துவாயை எடுத்துத் தோளில் போட்டான்.

"அண்டைக்கு அப்பு தானாப் போகேல்லை. நான்தான் கேட்டனான். செய்முறைக்குச் சுறாக்குட்டி ஒண்டு வேணுமெண்டு. அந்தக் காத்திலை அவரை அனுப்பினது நான்தான்."

சொல்லி முடித்து, அங்கே கிடந்த ஒரு வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றான் அடைக்கலம்.

"என்ன?"

"தெரியும், பிள்ளை. அவர் மீன் போடுற ஓலை உமலுக்கை இருந்தது. மூண்டு குட்டி. எல்லாம் ஒரே அளவு. பெரிசுகளை விட்டிட்டுச் சின்னனுகளாப் பாத்துப் பொறுக்கி, சாக்காலை சுத்தி வைச்சிருந்தவர். சந்தைக்குப் போற மனுசன் அப்பிடிச் செய்யமாட்டான்."

மக்டலீனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"நீ... நீ கண்டனியோ?"

"பன்னிரண்டாம் நாள். எல்லாரும் தேடிக் களைச்சு விட்டிட்டினம். நான் தனியத் தோணியிலை பூநகரிக் கரைப்பக்கம் போனனான். அங்கை ஆளில்லாத மணல்திட்டி ஒண்டு. வள்ளம் பிளந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி அவர்." அவன் தோளில் கிடந்த துவாயை முறுக்கினான். "வீட்டுக்குக் கொண்டு வாற மாதிரி இல்லை. பன்னிரண்டு நாள், தங்கச்சி. அம்மா அந்த நேரம் சாப்பிடாமல் கிடந்தவ. அவரைப் பிணமாக் கொண்டுவந்தா நானும் கடலுக்கை இறங்கிடுவன் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவ. நீ கொழும்பாலை வந்து ஒரு கிழமையா வாய் திறக்கேல்லை. ஊர் விதானையாருக்குச் சொன்னா பொலிசு வரும், விசாரணை வரும், உமலைக் கொண்டுவந்து முற்றத்திலை வைப்பாங்கள். நீ அதைக் காணக்கூடாது எண்டு நினைச்சன்."

"என்ன செய்தனி?"

"கையாலையும் துடுப்பாலையும் குழி கிண்டி அவரைத் தாட்டனான். பிளந்த வள்ளத்தின்ரை துடுப்பை முறிச்சுச் சிலுவை கட்டினனான். எனக்குத் தெரிஞ்ச செபம் எல்லாம் சொன்னனான். உமலைக் கடலுக்கை எறிஞ்சன்." அவன் தன் கைகளைப் பார்த்தான். "அண்டையிலையிருந்து இந்தக் கையிலை மணல் ஒட்டியிருக்கிற மாதிரியே கிடக்குது. எத்தினை தரம் கழுவினாலும். மரத்தூள் ஒட்டினா கொஞ்சம் தெரியாது."

ஊரார் சொன்ன பயம் இதுதான். மக்டலீன் அவனுடைய கையைப் பிடித்தாள். இருவரும் அழவில்லை. அழுதால் நேரம் போய்விடும் என்ற எண்ணம் இருவருக்கும் இருந்தது போலும்.

"இப்ப நான் கையெழுத்து வைச்சா, எனக்குத் தெரியும் எண்டுதானே கருத்து?" என்றான் அவன். "அம்மாவுக்குச் சொல்லாமல் கொழும்புக்குச் சொல்லுறதோ?"

"அப்ப அம்மாட்டை வா."

*

வீட்டில் லூர்த்தம்மா கோயிலுக்கு உடுக்கும் வெள்ளைச் சேலையில், கையில் செபமாலையும் வேதப் புத்தகமுமாகப் புறப்பட்டு நின்றாள். தவசுகாலத்து வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்குச் சிலுவைப்பாதைச் செபம். பிள்ளைகள் இருவரும் வேளையில்லாத வேளையில் ஒன்றாக வந்ததைக் கண்டு முற்றத்தில் நின்றுவிட்டாள்.

அடைக்கலம் வாசற்படியில் ஏறவில்லை.

"அம்மா, அப்புவைக் கண்டனான்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. மக்டலீன் அந்த முகத்தை அதற்குப் பிறகு பல வருஷங்கள் கனவில் கண்டாள்.

"எங்கை? எங்கை மேனை? வாறாரோ?" அவள் அவனைத் தாண்டிப் படலை வரை போய் ஒழுங்கையை எட்டிப் பார்த்தாள். "தனிய விட்டிட்டோ வந்தனீங்கள்?"

"அம்மா, இப்ப இல்லை. முந்தின மாரியிலை. அவர் காணாமல் போன பன்னிரண்டாம் நாள்."

லூர்த்தம்மா படலையைப் பிடித்தபடி திரும்பினாள். அவன் சொன்னான். திட்டியைச் சொன்னான், வள்ளத்தைச் சொன்னான், தாட்டதைச் சொன்னான். உமலை மட்டும் சொல்லவில்லை.

அவள் கிட்ட வந்து செபமாலை சுற்றிய கையால் அவன் நெஞ்சில் ஒருமுறை அடித்தாள். ஒரேயொரு அடி. அவன் அசையாமல் நின்றான்.

"பதினாறு மாசம்" என்றாள். "என்ரை கையாலை சோறு வாங்கித் திண்டுகொண்டு. நான் ஒவ்வொரு பின்னேரமும் வாசலைப் பாக்கிறதை நீ பாத்துக்கொண்டு."

"ஓம் அம்மா."

"கண் மூடியிருந்ததோ?"

அடைக்கலம் மக்டலீனைப் பார்த்தான். கடலில் பன்னிரண்டு நாள் கிடந்தவருக்குக் கண் இருந்ததா என்று அவள் அவனிடம் கேட்டிருக்கவில்லை. இனியும் கேட்கமாட்டாள்.

"மூடினது நான்தான், அம்மா."

"முகம் எந்தப் பக்கம்?"

"கிழக்கை. சூரியன் வாற பக்கம்."

லூர்த்தம்மா தலையாட்டினாள். முற்றத்து மணலில் மெதுவாக இருந்தாள். சேலை அழுக்காவதைப் பார்க்கவில்லை. ஒழுங்கையால் கோயிலுக்குப் போன இரண்டு பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு நடந்தார்கள். கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

அழுகை வரும் என்று பிள்ளைகள் காத்து நின்றார்கள். வரவில்லை.

"கடுதாசி எங்கை?" என்றாள்.

மக்டலீன் எடுத்து நீட்டினாள்.

"எழுது."

"இப்ப வேண்டாம் அம்மா..."

"எழுதடி. எனக்கு முன்னாலை எழுது. எத்தினை எழுத்து?"

"இங்கிலிசிலை எட்டு."

மக்டலீன் மணலில் முழந்தாளிட்டு, படிவத்தை வேதப் புத்தகத்தின் மேல் வைத்து எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாக லூர்த்தம்மா பார்த்தாள். கடைசி எழுத்து முடிந்ததும் விரலை அதன் மேல் வைத்தாள். மை காயவில்லை. விரலில் கொஞ்சம் ஒட்டியது. அடைக்கலம் குனிந்து, பாதுகாவலர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான்.

"ஓடு" என்றாள் தாய். "மெயில் போயிடும்."

*

தபால் கந்தோரில் யன்னல் மூட இரண்டு நிமிஷம் இருந்தது. கடித உறையில் முத்திரை குத்தும் சத்தத்தை மக்டலீன் நின்று கேட்டாள். கந்தோர்க்காரர் உறையைச் சாக்குக்குள் போட்டார். பின்னேர ரெயிலில் அது தெற்கே போகும். ஆரோ ஒருவர் நாளையோ மறுநாளோ உறையைக் கிழித்து, அந்த எட்டு எழுத்தையும் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார்.

அவள் நடந்தே திரும்பினாள். சிலுவைப்பாதை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வழியில் இரண்டு பேர் கொழும்புக்கு எப்போது பயணம் என்று கேட்டார்கள். மூன்றாவதாக ஒருத்தி, தகப்பன் இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓம் மாமி" என்றாள் மக்டலீன். "இருந்தா சந்தோஷப்படுவார்." அப்படி அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டில் லூர்த்தம்மா சேலையை மாற்றி, ஒரு பெட்டியில் மெழுகுதிரியும் ஒரு போத்தல் தீர்த்தமும் எடுத்து வைத்திருந்தாள். அடைக்கலம் பூவரசுக்குக் கீழே தோணியை நிமிர்த்தி, வெடிப்புக்குக் குங்கிலியம் பூசிக்கொண்டிருந்தான். பதினாறு மாதத்துக்குப் பிறகு அவன் அதைத் தொட்டிருந்தான்.

"நாளைக்குப் போறம்" என்றாள் தாய். "அவரைப் பாக்காமல் நான் கொடி கழட்டமாட்டன்." வாழைநாரை எடுத்து மெழுகுதிரிகளைக் கட்டினாள். கட்டி முடித்தும் நாரை விடவில்லை.

"எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. அண்டைக்கு ஒருதரும் போகேல்லை. கறுத்த வானம். வீட்டிலை மீனும் கிடந்தது, அரிசியும் கிடந்தது. என்னத்துக்குப் போனவர்?"

வெளியே தோணியில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அடைக்கலம் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று மக்டலீனுக்குத் தெரிந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டால் அவன் சாகும்வரை காட்டிக்கொடுக்கமாட்டான். கொழும்பில் நேர்முகத்தில் கேட்பவர்களுக்கும் காய்ச்சல் என்று சொல்லலாம்.

"நான் கேட்டனான், அம்மா" என்றாள். "எனக்கு வெட்டிப் பழகச் சுறாக்குட்டி வேணுமெண்டு கேட்டனான். அதுக்குத்தான் போனவர்."

லூர்த்தம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, அதைவிடப் பெரிதாக ஏதும் இருந்ததா என்று மக்டலீனால் சொல்ல முடியவில்லை. கை மட்டும் நாரில் ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தது.

"நீயும் தோணியிலை வா" என்றாள் கடைசியில். "அதை எனக்குச் சொல்லாதை. அவரிட்டைச் சொல்லு."

மெழுகுதிரிகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மக்டலீன் பூவரசுக்குக் கீழே வந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அடைக்கலம் அவள் முகத்தைப் பார்க்காமல், தோணியின் அடிப்பலகையைத் தடவியபடி சொன்னான்.

"பிள்ளை, ஒண்டு கிடக்குது. போன கிழமை பூநகரியான் ஒருத்தன் மரம் ஏத்த வந்தவன். இந்த மாரியிலை அந்தப் பக்கத்துத் திட்டியள் கனக்கத் தண்ணிக்குக் கீழை போயிட்டுதாம். சிலது இடம் மாறிப்போச்சுதாம்."

"அந்தத் திட்டியோ?"

"தெரியாது. சிலுவையும் நிக்குமோ தெரியாது. நிலமே இருக்குமோ தெரியாது."

"அம்மாவுக்குச் சொன்னனியோ?"

அவன் தலையை அசைத்தான். இல்லை.

உள்ளேயிருந்து லூர்த்தம்மாவின் குரல் வந்தது. பதினாறு மாதமாக அந்தக் குரலில் இல்லாத ஒரு தெளிவு அதில் இருந்தது.

"தம்பி, எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?"

அண்ணனும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"விடிய நாலு மணிக்கு, அம்மா" என்றான் அடைக்கலம். "காத்து எழும்ப முதல்."